கோபம் இல்லாத கொலைகள்

1948 முதல் 1952 வரை அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் 588 பேர் கொலையுண்டார்கள். அந்தக் காவல்துறைக் கோப்புகளை எல்லாம் மார்வின் உல்ஃப்காங் என்ற குற்றவியலாளர் படித்து, 1958இல் நூலாக வெளியிட்டார். சதி, பரம்பரைப் பகை, கொள்ளை என்று நாம் நினைக்கும் காரணங்களைவிட அதிகமாக அவர் கண்ணில் பட்டவை அற்பத் தகராறுகள். ஒரு வசவு, ஒரு கேலி, தோளில் ஓர் இடி. மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேலான கொலைகள் இப்படித் தொடங்கியவை. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சம்பவங்களில் கொன்றவரோ இறந்தவரோ குடித்திருந்தார். நம் நாளிதழ்களின் உள்பக்கங்களில் ‘முறைத்துப் பார்த்ததால் வாய்த்தகராறு முற்றி’ என்று தொடங்கும் செய்திகளைப் படிப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

இன்னொரு கொலைக்களம். 1942 ஜூலை 13, போலந்தின் யூசெஃபூவ் கிராமம். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலிருந்து வந்த 101ஆம் ரிசர்வ் போலீஸ் பட்டாலியனில் ஏறக்குறைய 500 பேர். பெரும்பாலும் நடுத்தர வயதுக் குடும்பஸ்தர்கள். கிராமத்து யூதர்களில் வேலைக்கு ஆகும் ஆண்களைப் பிரித்துவிட்டு, மற்றவர்களை, பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் உட்பட, சுட்டுக் கொல்ல வேண்டும் என்பது ஆணை. அதை அறிவித்த அதிகாரி டிராப் கண்ணீர் விட்டார். ‘வயதில் மூத்தவர்களில் இதைச் செய்ய முடியாதென்று நினைப்பவர்கள் விலகிக்கொள்ளலாம்’ என்றும் சொன்னார். ஒரு டஜன் பேர் மட்டும் முன்வந்து விலகினார்கள். அன்று சுமார் 1,500 பேர் கொல்லப்பட்டார்கள். வரலாற்றாசிரியர் கிறிஸ்டோபர் பிரௌனிங் போருக்குப் பிந்தைய விசாரணை வாக்குமூலங்களைக் கொண்டு அந்த நாளை மீட்டெடுத்து 1992இல் எழுதிய நூலுக்கு ‘சாதாரண மனிதர்கள்’ என்று பெயரிட்டார்.

முதல் வகைக் கொலையைச் செய்தவர் தன்வசம் இழந்தவர். இரண்டாவதைச் செய்தவர்கள் வரிசையில் நின்று, சொன்னதைக் கேட்டு, சொன்னபடி செய்தவர்கள். அவர்களில் பலருக்கு அன்று வந்தது கோபம்கூட இல்லை, குமட்டல். மனிதன் ஏன் மனிதனைத் தாக்குகிறான் என்ற கேள்விக்கு நூறாண்டுகளாக உளவியல் தந்துவரும் விடைகளில் பெரும்பகுதி முதல் வகைக்கானது. அந்த விடையையே இரண்டாவது வகைக்கும் நீட்டியதால் நேர்ந்த குழப்பம் அதிகம். பேரழிவுகளுக்கும் ‘வெறி’ என்ற ஒரே காரணத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அதனால் முக்கிய விளக்கங்கள் ஒவ்வொன்றையும் இந்த இரண்டு கொலைகளின் முன்னாலும் நிறுத்திப் பார்க்கலாம்.

சிக்மண்ட் ஃப்ராய்டிலிருந்து தொடங்குவதே முறை. 1932இல் சர்வதேச சங்கத்தின் அறிவுத்துறை அமைப்பு ஒன்றின் ஏற்பாட்டில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் அவருக்குக் கடிதம் எழுதினார். போரின் பிடியிலிருந்து மனித குலத்தை விடுவிக்க வழி உண்டா என்பது கேள்வி. சேர்த்துவைக்கும் உந்துதலும் அழிக்கும் உந்துதலும் மனிதனுக்குள் பிணைந்தே கிடக்கின்றன, அழிக்கும் உந்துதலை ஒழிக்க முடியாது, வேறு பக்கம் திருப்பிவிட முயலலாம் என்று ஃப்ராய்டு பதில் எழுதினார். அந்தக் கடிதங்கள் 1933இல் அச்சாகி வந்தபோது ஹிட்லர் ஆட்சியில் அமர்ந்திருந்தார். முதல் உலகப் போரைப் பார்த்த ஒரு கிழவரின் துயரம் அந்தப் பதிலில் இருக்கிறது. ஆனால் சோதித்துப் பார்க்கத்தக்க கருதுகோள் இல்லை. எது நடந்தாலும் ‘அழிவுந்துதல்’ என்று சொல்லிவிடலாம் என்றால் அது எதையும் விளக்கவில்லை.

ஆஸ்திரிய விலங்கியலாளர் கான்ராட் லோரன்ஸ் 1963இல் இதே எண்ணத்துக்கு விலங்குகளின் சான்றைச் சேர்த்தார். தாக்கும் உந்துதல் உள்ளே ஊறிச் சேர்ந்துகொண்டே இருக்கும், வடிகால் கிடைக்காவிட்டால் தானே பீறிடும் என்றார். நம் வீட்டுக் குக்கரைப் போன்ற மனம். விசில் வழியாகக் கொஞ்சம் ஆவி போனால் வெடிக்காது. விளையாட்டுப் போட்டிகளை அப்படிப்பட்ட விசிலாக அவர் பரிந்துரைத்தார். ‘மனசுல வச்சுக்காத, கொட்டித் தீர்த்துடு’ என்று நாமும் சொல்கிறோம். இது உண்மையா என்று 2002இல் பிராட் புஷ்மன் 600 மாணவர்களிடம் சோதித்தார். முதலில் அவர்கள் எழுதிய கட்டுரையைக் கடுமையாக இழித்துரைத்துக் கோபமூட்டினார். பிறகு ஒரு பிரிவினர், இழித்தவரை நினைத்துக்கொண்டே குத்துப் பையைக் குத்தினார்கள். இன்னொரு பிரிவினர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். குத்தியவர்களின் கோபம் கூடியிருந்தது, அடுத்த வாய்ப்பில் அதிகமாகத் தாக்கியவர்களும் அவர்களே. சும்மா இருந்தவர்களே குறைவாகத் தாக்கினார்கள். வடிகால் கோட்பாட்டுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு தேவையில்லை. ஆனாலும் அது சாவதில்லை. கோபத்தைக் கொட்டுபவருக்கு அந்தக் கணத்தில் சுகமாக இருக்கிறது, அந்தச் சுகத்தைக் குணம் என்று எடுத்துக்கொள்கிறார்.

அடுத்து வந்தது யேல் பல்கலைக்கழகத்தின் விரக்திக் கோட்பாடு. ஜான் டாலர்டும் நான்கு சகாக்களும் 1939இல் முன்வைத்தது: விரக்தி எப்போதும் தாக்குதலுக்கு இட்டுச்செல்லும், தாக்குதலுக்குப் பின்னால் எப்போதும் ஒரு விரக்தி இருக்கும். இரண்டு ‘எப்போதும்’களில் முதலாவதை அவர்களில் ஒருவரான நீல் மில்லரே 1941இல் தளர்த்தினார். தடுக்கப்பட்டவர் அழலாம், ஒதுங்கலாம், வேறு வழி தேடலாம். பின்னால் லெனர்ட் பெர்க்கோவிட்ஸ் இதை இன்னும் சீர்செய்தார். தடை என்றில்லை, வலி, வெக்கை, நாற்றம் எனத் துன்புறுத்தும் எதுவும் எரிச்சலைத் தரும், அந்த எரிச்சல் தாக்குதலுக்கு ஆயத்தப்படுத்தும் என்றார். முதல் வகைக் கொலைக்கு இது ஓரளவு பொருந்துகிறது. வெக்கை மிகுந்த இரவில், குடித்த நிலையில், அன்றைய கூலி கிடைக்காத ஒருவரின் தோளில் இன்னொருவர் இடித்துவிட்டால் என்ன நடக்கும் என்பதை இது சொல்கிறது.

யேல் குழுவினர் இதோடு நிறுத்தவில்லை. 1940இல் கார்ல் ஹாவ்லண்டும் ராபர்ட் சியர்ஸும் அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பின மக்களைக் கும்பல்கள் அடித்துக் கொன்ற சம்பவங்களை, 1882 முதல் 1930 வரையிலான பருத்தி விலையோடு ஒப்பிட்டார்கள். பருத்தி விழுந்த ஆண்டுகளில் கொலைகள் ஏறின. வறுமையில் விரக்தியடைந்த வெள்ளையர்கள் கைக்கெட்டிய எளியவர்கள்மேல் ஆத்திரத்தைத் தீர்த்தார்கள் என்பது முடிவு. நெடுங்காலம் பாடப்புத்தகங்களில் இருந்த இந்த முடிவை 1998இல் டொனால்ட் கிரீன் முதலியோர் மறுபடி கணக்கிட்டார்கள். 1930களின் பெருமந்தத்தையும் சேர்த்துப் பார்த்தபோது பொருத்தம் கலைந்துபோனது. விலை அதலபாதாளத்தில் கிடந்த ஆண்டுகளில் கொலைகள் அதற்கேற்பக் கூடவில்லை.

ஐடா வெல்ஸ் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர் 1892லேயே வேறு விடை சொல்லியிருந்தார். அந்த ஆண்டு மெம்ஃபிஸ் நகரில் மளிகைக் கடை நடத்திய மூன்று கறுப்பின இளைஞர்கள் கும்பலால் கொல்லப்பட்டார்கள். அவர்கள் அவருக்கு நண்பர்கள். அவர்கள் செய்த குற்றம், எதிரே இருந்த வெள்ளையரின் கடைக்குப் போட்டியாக வளர்ந்தது. அவர் ஊர் ஊராகப் போய் விசாரித்து, இக்கொலைகள் கண்மண் தெரியாத ஆத்திரத்தில் நடப்பவை என்ற கதையை உடைத்தார். தலைநிமிர்ந்தவர்களை மறுபடி குனியவைக்கும் கருவியாகவே அவை இருந்தன. ஆய்வுக்கூடம் அரை நூற்றாண்டு கழித்தும் பிடிக்கத் தவறியதை ஒரு நிருபர் நேரில் போய்ப் பார்த்துப் பிடித்துவிட்டார்.

இதை நம் மண்ணில் வைத்துப் பார்க்காமல் கடக்க முடியாது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள். தலித் விவசாயக் கூலிகளின் குடும்பங்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். பட்டினியும் ஏமாற்றமும் யாரிடம் இருந்தன? கூலி உயர்வு கேட்டவர்களிடம். தீ வைத்தது யார்? நிலம் வைத்திருந்த தரப்பு. விரக்திதான் வன்முறையின் ஊற்று என்றால் அம்பு எதிர்த்திசையில் பறந்திருக்க வேண்டும். நிலக்கிழார்களுக்கும் விரக்தி இருந்தது, அவர்கள் எதிர்பார்த்த பணிவு கிடைக்கவில்லை என்று வாதிடலாம். அப்படி வாதிட்டால், இன்னொருவரின் பணிவைத் தன் உரிமையாக எண்ணும் மனநிலை எங்கிருந்து வந்தது என்பதல்லவா கேள்வி? அதற்கு விரக்திக் கோட்பாட்டில் இடமில்லை.

மனநிலைகள் கற்கப்படுபவை என்றது அடுத்த தலைமுறை. ஆல்பர்ட் பண்டூரா 1961இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளியில் 72 குழந்தைகளை வைத்துச் செய்த சோதனை உளவியல் மாணவர் எல்லாருக்கும் தெரியும். காற்றடைத்த கோமாளிப் பொம்மையைப் பெரியவர் ஒருவர் அடிப்பதைப் பார்த்த குழந்தைகள், தனியே விடப்பட்டதும் அதே மாதிரி, அதே சுத்தியலால், அதே சொற்களைச் சொல்லி அடித்தன. அடித்தவர் பாராட்டப்படுவதைக் கண்டால் கூடுதலாகவும், தண்டிக்கப்படுவதைக் கண்டால் குறைவாகவும் அடித்தன என்று 1965இல் காட்டினார். பின்னால் பரிசு தருவதாகச் சொன்னதும், தண்டனையைக் கண்ட குழந்தைகளும் மற்றவர்களுக்கு இணையாகச் செய்துகாட்டின. கற்பது வேறு, கற்றதைச் செய்வது வேறு என்ற இந்தப் பிரிவினைதான் பண்டூராவின் பெரிய பங்களிப்பு என்பது என் கணிப்பு. அந்தப் பொம்மையே அடிவாங்கத்தானே செய்யப்பட்டது என்ற விமர்சனமும் நியாயமானது.

ஆனால் மாண்ட்ரியலின் ரிச்சர்ட் டிரம்ப்ளே குழந்தைகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது படம் தலைகீழானது. அடிப்பதும் கடிப்பதும் தள்ளுவதும் இரண்டு மூன்று வயதில்தான் உச்சத்தில் இருக்கின்றன. அதன்பிறகு பெரும்பாலான பிள்ளைகளிடம் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன. சினிமாவோ தெருவோ தொடுவதற்கு முன்பே குழந்தை அடிக்கத் தெரிந்தேயிருக்கிறது. அது கற்க வேண்டியது அடிக்காமல் இருப்பதை. பேச்சு, காத்திருத்தல், விட்டுக்கொடுத்தல், உதவி கேட்டல் இவையெல்லாம்தான் பாடம். இந்தப் பாடம் எங்கே தவறுகிறது என்பதை ஓரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பாட்டர்சன் வீடுகளுக்குள் உட்கார்ந்து குறித்தெடுத்தார். பெற்றோர் ஒன்றைச் செய்யச் சொல்கிறார், பிள்ளை கத்துகிறது, பெற்றோர் உரத்துக் கத்துகிறார், பிள்ளை இன்னும் உரக்க, கடைசியில் யாராவது ஒருவர் களைத்து விடுகிறார். யார் விட்டாலும், உச்சத்துக்குப் போனால் வெல்லலாம் என்பதை இருவரும் கற்றுக்கொள்கிறார்கள். ஒரு நாளில் பலமுறை இந்த வகுப்பு நடக்கிறது.

‘அடியாத மாடு படியாது’, ‘அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்’ என்று சொல்லிப் பழகிய நாம் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். பிள்ளைகளை அடித்து வளர்ப்பதைப் பற்றி ஐம்பது ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகளை எலிசபெத் கெர்ஷாஃபும் ஆண்ட்ரூ குரோகன் கெய்லரும் 2016இல் ஒன்றுதிரட்டினார்கள். ஏறக்குறைய 1,60,000 குழந்தைகள் பற்றிய தரவு. அடி வாங்கிய பிள்ளைகளிடம் மூர்க்கமும் கீழ்ப்படியாமையும் கூடுதலாகவே காணப்பட்டன, நன்மை என்று சொல்ல ஒன்றும் தென்படவில்லை. முரட்டுப் பிள்ளைதானே அதிகம் அடி வாங்கும், எது காரணம் எது விளைவு என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பிள்ளையின் தொடக்கநிலை மூர்க்கத்தைக் கழித்துவிட்டுப் பார்க்கும் தொடர் ஆய்வுகளிலும் தொடர்பு எஞ்சி நிற்கிறது, சிறியதாக. இந்தியாவின் கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு பள்ளியில் உடல்தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடை செய்கிறது. வகுப்பறைப் பிரம்பு அதோடு ஒழிந்துவிட்டது என்று எந்தப் பெற்றோரும் நெஞ்சைத் தொட்டுச் சொல்லமாட்டார்கள்.

திரையும் விளையாட்டுச் செயலிகளும் பற்றிய சர்ச்சை நீளமானது, பலன் குறைவானது. ஆய்வுக்கூடத்தில் சிறு விளைவுகள் தெரிகின்றன. பிரிட்டனில் சுமார் ஆயிரம் பதின்வயதினரிடம், கணக்கிடும் முறையை முன்கூட்டியே பதிவுசெய்து 2019இல் நடத்திய ஆய்வில், வன்முறை வீடியோ கேம்களுக்கும் மூர்க்கமான நடத்தைக்கும் தொடர்பு தெரியவில்லை. பெற்றோரின் அச்சத்தில் பாதியை வீட்டுக்குள் நடக்கும் அடிதடி பக்கம் திருப்பினால் பயன் அதிகம்.

உடலைப் பற்றியும் சுருக்கமாகவே சொல்ல முடியும், ஏனெனில் அங்கே சொல்லப்படுவது நிரூபிக்கப்பட்டதைவிட அதிகம். கொலைச் சந்தேக நபர்களில் பத்தில் ஒன்பது பேர் ஆண்கள் என்று ஐ.நா.வின் 2019 உலக அறிக்கை காட்டுகிறது. உடனே டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைக் கைகாட்டுகிறோம். 2010இல் சூரிச் ஆய்வாளர்கள் பெண்களுக்கு அதைக் கொடுத்துப் பேரம்பேசும் விளையாட்டில் இறக்கினார்கள். ஹார்மோன் உண்மையில் பெற்றவர்கள் நியாயமாகப் பங்கிட்டார்கள். தாங்கள் அதைப் பெற்றதாக நம்பியவர்கள்தான், பெற்றார்களோ இல்லையோ, சுயநலமாக நடந்தார்கள். மரபணுக் கதையும் இப்படித்தான். 1993இல் ஒரு டச்சுக் குடும்பத்தில் மாவோ-ஏ என்ற மரபணு முற்றாகச் செயலிழந்திருப்பது தெரிந்தது, பின்னாளில் அதற்குப் ‘போர்வீரர் மரபணு’ என்று பெயர் பரவியது. நியூசிலாந்தின் டனீடன் நகரத் தொடர் ஆய்வு 2002இல் காட்டியதோ, அந்த மரபணுவின் வீரியம் குறைந்த வடிவம் சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களிடம்தான் பிற்கால வன்முறையோடு சேர்ந்து வருகிறது என்பதை. ஆனாலும் இத்தாலியில் ஒரு நீதிமன்றம் 2009இல் மரபணுவைக் காரணம் காட்டிக் கொலைக் குற்றவாளியின் தண்டனையில் ஓராண்டு குறைத்துவிட்டது.

உயிரியலிலிருந்து உண்மையிலேயே உதவுகிற ஒரு கருத்து ரிச்சர்ட் ராங்கமுடையது. தான்சானியாவின் கோம்பேயில் 1974 முதல் 1978 வரை ஒரு சிம்பன்சிக் கூட்டம் அண்டைக் கூட்டத்தின் வளர்ந்த ஆண்களை ஒவ்வொன்றாக வேட்டையாடி அழித்ததை ஜேன் குடால் பதிவு செய்தார். விலங்குகள் தம் இனத்தைக் கொல்வதில்லை என்ற லோரன்ஸின் நம்பிக்கை அதோடு சரிந்தது. அங்கே ஆய்வு செய்த ராங்கம், சீண்டினால் பாயும் மூர்க்கமும் திட்டமிட்டுத் தாக்கும் மூர்க்கமும் வேறு வேறு என்கிறார். சிம்பன்சிகளோடு ஒப்பிட்டால் மனிதரிடம் முதலாவது மிகக் குறைவு. முன்பின் அறியாத நூறு பேர் ஒரே பேருந்தில் நெருக்கியடித்துக்கொண்டு மதுரை வரை சண்டையில்லாமல் போய்ச் சேர்கிறோம், நூறு சிம்பன்சிகளால் அது முடியாது. இரண்டாவதிலோ மனிதரை விஞ்ச எந்த விலங்கும் இல்லை. கூட்டாக யோசித்து, ஆள் சேர்த்து, நேரம் குறித்துக் கொல்ல நம்மால் முடியும். ஃபிலடெல்ஃபியாவும் யூசெஃபூவும் இரண்டு வெவ்வேறு திறன்களிலிருந்து பிறந்தவை என்பதே இதன் பொருள்.

ஃபிலடெல்ஃபியா வகையை இன்னும் நெருங்கிப் புரிந்துகொள்ள இரண்டு ஆய்வுகள் போதும். கென்னத் டாட்ஜ் 1980 முதல் காட்டிவந்தது: மூர்க்கமான சிறுவர்கள், தற்செயலாக நடந்ததா வேண்டுமென்றே செய்ததா என்று தெளிவில்லாத செயலில் பகையைப் படித்துவிடுகிறார்கள். முதுகில் பட்ட பந்து எறியப்பட்ட பந்தாகிவிடுகிறது. ரிச்சர்ட் நிஸ்பெட்டும் டோவ் கோஹனும் 1996இல் மிஷிகன் பல்கலைக்கழக மாணவர்களை ஒரு குறுகிய நடைவழியில் நடக்கவிட்டு, எதிரே வந்தவரை மோதிவிட்டுத் திட்டவைத்தார்கள். வட மாநிலத்து மாணவர்கள் பெரும்பாலும் சிரித்துக் கடந்தார்கள். தென் மாநிலத்தவர்களின் உமிழ்நீரில் பதற்றத்துக்கும் மோதலுக்குமான ஹார்மோன்கள் ஏறியிருந்தன. தென் மாநிலத்தவரின் முன்னோர் வாழ்ந்த, சட்டமும் காவலும் எட்டாத மேய்ச்சல் நிலங்களில், ‘இவனைத் தொட்டால் விடமாட்டான்’ என்ற பேர்தான் ஒருவரின் சொத்துக்குக் காவல் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அற்பத் தகராறு, அதில் நிற்பவருக்கு அற்பமாக இருப்பதில்லை. ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இனி இரண்டாவது வகை. ஸ்டான்லி மில்கிராம் 1961இல் யேலில் தொடங்கிய சோதனையில், நினைவாற்றல் ஆய்வு என்று விளம்பரம் பார்த்து வந்த சாதாரண ஆட்கள், அடுத்த அறையில் இருந்தவர் தவறாகப் பதில் சொல்லும்போதெல்லாம் 15 வோல்ட்டிலிருந்து ஒவ்வொரு படியாக மின்னதிர்ச்சியைக் கூட்ட வேண்டும். அதிர்ச்சி போலி, அது அவர்களுக்குத் தெரியாது. முதலில் வெளியான முடிவுகளில் 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். ஆயிரத்தில் ஒருவர்தான் போவார் என்று மனநல மருத்துவர்கள் கணித்திருந்தார்கள்.

இதை வைத்து ‘மனிதன் ஆணைக்கு அடிமை’ என்று எழுதிவிடுவது வழக்கம். முழு ஆய்வையும் படித்தால் அந்த முடிவு நிற்காது. மில்கிராம் இருபதுக்கும் மேற்பட்ட மாறுபாடுகளைச் செய்தார். ஆய்வாளர் அறையை விட்டுப் போய்த் தொலைபேசியில் ஆணையிட்டபோது கடைசிவரை போனவர்கள் ஐந்தில் ஒருவர். கூட இருந்த இருவர் மறுத்து எழுந்தபோது பத்தில் ஒருவர். தயங்கியவர்களை உந்த நான்கு வாக்கியங்கள் வைத்திருந்தார்கள். ‘இந்தச் சோதனைக்கு நீங்கள் தொடர்வது அவசியம்’ என்பது இரண்டாவது. ‘உங்களுக்கு வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆக வேண்டும்’ என்பது நான்காவது. ஜெரி பர்கர் 2009இல் இதை மிதமான வடிவில் மறுபடி செய்தபோது நான்காவது வாக்கியத்தைக் கேட்ட எவரும் தொடரவில்லை. வெறும் ஆணை வேலை செய்யவில்லை, அறிவியலுக்கு உதவுகிறோம் என்ற நினைப்பே வேலை செய்தது. இதைச் சுட்டிய அலெக்ஸ் ஹாஸ்லமும் ஸ்டீபன் ரைக்கரும், அவர்கள் கீழ்ப்படிந்தவர்கள் என்பதைவிட, ஒரு நல்ல காரியத்தோடு தம்மை இணைத்துக்கொண்டு பின்தொடர்ந்தவர்கள் என்கிறார்கள். யூசெஃபூவை விளக்க இதுவரை கிடைத்தவற்றில் நெருங்கி வருவது இதுதான். விலக அனுமதி இருந்தும் விலகாதவர்கள் சொன்ன காரணங்களில், சகாக்களைத் தனியே விட்டுவிட்டு ‘கோழை’ என்று பேர்வாங்கக் கூடாது என்பது முன்னணியில் நிற்கிறது.

பிலிப் சிம்பார்டோவின் 1971 ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனை இந்த வரிசையில் சேராது. இரண்டு வாரத்துக்குத் திட்டமிட்டு ஆறே நாளில் நிறுத்தப்பட்ட அந்த நாடகத்தில், காவலர் வேடமிட்ட மாணவர்கள் தாமாகவே கொடூரமானார்கள் என்றுதான் உலகுக்குச் சொல்லப்பட்டது. ஆவணக் காப்பகத்தைத் தோண்டிய திபோ லெ டெக்ஸியே, காவலர்களுக்கு எப்படி நடக்க வேண்டும் என்று முன்பே சொல்லித்தரப்பட்டதை 2018இல் வெளிக்கொணர்ந்தார். சூழ்நிலை யாரையும் அரக்கனாக்கும் என்பதற்குச் சான்றாக இன்னும் இதை மேற்கோள் காட்டுவது தவறு.

முசாஃபர் ஷெரிஃபின் சோதனையும் பாதிதான் சொல்லப்பட்டு வந்தது. 1954இல் ஓக்லஹோமாவின் ராபர்ஸ் கேவ் முகாமில், முன்பின் அறியாத 22 சிறுவர்களை இரு அணிகளாக்கிப் போட்டி வைத்தார். சில நாட்களில் கொடி எரிப்பும் குடில்மீது படையெடுப்பும் நடந்தன. தண்ணீர்த் தொட்டி அடைப்பு போல இரு அணியும் சேர்ந்தால்தான் தீரும் சிக்கல்களைக் கொடுத்ததும் பகை தணிந்தது. இது பாடப்புத்தகம். அதற்கு முந்தைய ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் நடத்திய முகாமில் சிறுவர்கள் முதலில் ஒன்றாகப் பழகி, பிறகுதான் பிரிக்கப்பட்டார்கள். ஆய்வுக்குழுவினர் ரகசியமாகத் துணிகளைத் திருடியும் கூடாரத்தைச் சாய்த்தும் தூண்டினார்கள். சிறுவர்கள் சண்டைபோட மறுத்து, இதைச் செய்வது பெரியவர்கள்தான் என்று கண்டுபிடித்தார்கள். சோதனை கைவிடப்பட்டது. அந்தத் தோல்வியை ஜீனா பெர்ரி 2018இல் விரிவாக எழுதினார். என்னைக் கேட்டால், வெற்றிபெற்ற முகாமைவிடத் தோற்ற முகாம் சொல்வது அதிகம். முன்னமே நட்பு இருந்தால், பிரித்தாளும் கை எவருடையது என்று பதினொரு வயதில்கூடக் கண்டுகொள்ள முடிகிறது.

ஹென்றி தாஜ்ஃபெல் போலந்தில் பிறந்த யூதர். ஜெர்மானியரிடம் போர்க்கைதியாகப் பிரெஞ்சுக்காரர் என்ற அடையாளத்தில் உயிர் தப்பினார், குடும்பத்தைப் பறிகொடுத்தார். பகைக்கு எவ்வளவு குறைந்த காரணம் போதும் என்று அவர் தேடியதில் வியப்பில்லை. பிரிஸ்டல் பள்ளி மாணவர்களைத் திரையில் தெரிந்த புள்ளிகளை எண்ணச் சொல்லி, கூட்டி மதிப்பிட்டவர்கள், குறைத்து மதிப்பிட்டவர்கள் என்று பொய்யாகப் பிரித்தார். யார் தன் அணி என்றுகூடத் தெரியாது. காசைப் பங்கிடும்போது அவர்கள் தம் அணிக்குச் சாதகமாகவே பங்கிட்டார்கள், அடுத்த அணியைவிடக் கூடுதலாக இருக்கட்டும் என்பதற்காகத் தம் அணிக்குக் கிடைக்கக்கூடிய தொகையைக் குறைத்துக்கொள்ளவும் துணிந்தார்கள். ஆனால் ஒன்று, அந்தச் சிறுவர்கள் யாரையும் அடிக்கவில்லை. தன் கூட்டத்தின்மேல் சாய்வு இருப்பதற்கும் அடுத்த கூட்டத்தின் வீட்டைக் கொளுத்துவதற்கும் நடுவே நீண்ட தூரம். அந்தத் தூரத்தை யாரோ வேலை செய்துதான் கடக்கவைக்கிறார்கள்.

கும்பல் பற்றிய ஆய்வு இதை உறுதிசெய்கிறது. கும்பலில் சேர்ந்தவன் அறிவிழந்து மிருகமாகிறான் என்று குஸ்தாவ் லெ பான் 1895இல் எழுதியதை இன்றைய தொலைக்காட்சி விவாதங்களும் திருப்பிச் சொல்கின்றன. 1980 ஏப்ரல் 2 அன்று பிரிஸ்டலின் செயின்ட் பால்ஸ் பகுதியில் நடந்த கலவரத்தை ரைக்கர் ஆராய்ந்தார். கூட்டம் தாக்கியது போலீசையும் குறிப்பிட்ட சில கட்டடங்களையும். குடியிருப்பு வீடுகளைத் தொடவில்லை, போலீஸ் பின்வாங்கியதும் பகுதி எல்லையைத் தாண்டித் துரத்தவில்லை. கூட்டத்துக்கு ஒரு மனம் இருந்தது, அதற்கு ஒரு வரம்பும் இருந்தது.

இலங்கையில் பிறந்து ஹார்வர்டில் பணியாற்றிய மானுடவியலாளர் ஸ்டான்லி தம்பையா, 1956இல் கல்லோயாவில் மாணவர்களோடு கள ஆய்வில் இருந்தபோதே தமிழருக்கு எதிரான வன்முறையை அருகிலிருந்து கண்டவர். 1983 ஜூலையில் இலங்கைத் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறையைப் பற்றியும் தெற்காசியக் கலவரங்களைப் பற்றியும் பின்னால் எழுதினார். கொழும்பில் வந்த கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. எந்த வீடு, எந்தக் கடை யாருடையது என்று பார்த்துப் பார்த்துக் கொளுத்தினார்கள். பட்டியல் வைத்துக்கொண்டு வருபவன் வெறி பிடித்தவனல்ல. ‘யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 சிப்பாய்கள் கொல்லப்பட்ட ஆத்திரம்’ என்ற விளக்கம், அந்தப் பட்டியல் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற கேள்வியை மூடிமறைக்கத்தான் உதவியது. உளவியல் விளக்கம் தவறான இடத்தில் வைக்கப்பட்டால் குற்றவாளிக்குக் கேடயமாகும் என்பதற்கு இதைவிட வலியான உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆலன் ஃபிஸ்கேயும் தாகே ராயும் 2014இல் முன்வைத்த வாதம் இங்கே வந்து பொருந்துகிறது. வன்முறையில் பெரும்பகுதி, செய்பவரின் கண்ணில் அறம். உறவின் ஒழுங்கு குலைந்தது, அதைச் சரிசெய்வது என் கடமை என்ற எண்ணத்தோடுதான் அடிக்கிறார்கள், கொல்கிறார்கள். ‘பெரும்பகுதி’ என்பதை நான் அப்படியே ஏற்கமாட்டேன். பணத்துக்கான கொலையும் உண்டு, சுகத்துக்கான கொடுமையும் உண்டு. ஆனால் நம் ஊர் ஆணவக் கொலைகளை இதைவிட நன்றாக விளக்கும் கோட்பாடு இல்லை. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில், கேமரா பார்த்திருக்க, சாதி கடந்து மணந்த இளந்தம்பதி வெட்டப்பட்டார்கள். இளைஞர் இறந்தார். இப்படிப்பட்ட கொலைகளில் மறைக்கும் முயற்சியைவிட, ஊருக்குத் தெரியட்டும் என்ற எண்ணம் மேலோங்கியிருப்பதைக் காண்கிறோம். பெற்ற பாசமும் கொல்லும் கையும் ஒரே ஆளிடம் இருப்பது மனநோயால் அல்ல. பாசத்துக்கு மேலே ஒரு கடமை இருப்பதாக அவருக்குச் சொல்லித்தந்து, அதை நிறைவேற்றினால் மெச்சவும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்த மெச்சல் நிற்காதவரை கோபக் கட்டுப்பாட்டுப் பயிற்சி இங்கே ஒன்றும் செய்யாது.

முதல் வகைக்கு அப்படிப்பட்ட பயிற்சி பயன்படும் என்பதற்குச் சான்று உண்டு. சிகாகோவின் ஏழ்மையான பகுதிப் பள்ளிகளில் பதின்வயது ஆண்களுக்கு நடத்தும் ஒரு திட்டத்தில் முதல் பயிற்சி இது: ஒருவன் கையில் பந்து, மற்றவன் முப்பது விநாடியில் அதை வாங்க வேண்டும். கட்டிப்புரண்டு, கையை முறுக்கி, நேரம் முடிந்துவிடும். ‘பந்தைத் தா என்று ஏன் கேட்கவில்லை?’ என்பார் பயிற்றுநர். கேட்டால் தரமாட்டான் என்பான் ஒருவன். கேட்டிருந்தால் தந்திருப்பேன் என்பான் மற்றவன். குலுக்கல் முறையில் தேர்ந்த மாணவர்களை வைத்து மதிப்பிட்டபோது, திட்டம் நடந்த காலத்தில் வன்முறைக் குற்றக் கைதுகள் 45 முதல் 50 சதவீதம் குறைந்தன. திட்டம் முடிந்தபின் அந்த அளவு நீடிக்கவில்லை. தொடர்ந்து நடத்த வேண்டும் என்பதே அதன் பொருள்.

சண்டையை நிறுத்துபவர்களைப் பற்றியும் நெடுநாள் தவறான கதை ஒன்று உலவியது. 1964இல் நியூயார்க்கில் ஓர் இளம்பெண் குத்திக் கொல்லப்பட்டதை 38 பேர் வேடிக்கை பார்த்தார்கள் என்ற செய்தியிலிருந்து, ஆள் கூடக் கூட உதவி குறையும் என்ற ஆய்வுமரபே பிறந்தது. அந்த 38 பேர் கதைக்கு ஆதாரம் இல்லை என்று 2007இல் தெளிவாக்கப்பட்டது. ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் நகரங்களின் கண்காணிப்புக் கேமராக்களில் பதிவான 219 தெருச் சண்டைகளை ரிச்சர்ட் ஃபில்பாட் முதலியோர் ஆராய்ந்தபோது, பத்தில் ஒன்பதில் குறைந்தது ஒருவராவது தலையிட்டிருந்தார். ஆள் கூடினால் தலையிடும் வாய்ப்பும் கூடியது.

பட்டியலோடு கும்பல் வரும்போது தலையிடுவது இதைவிடப் பல மடங்கு ஆபத்தானது. அப்போதும் சிலர் கதவைத் திறக்கிறார்கள். 1983இல் தமிழ் அண்டைவீட்டாரைத் தம் வீட்டில் ஒளித்துவைத்த சிங்களக் குடும்பங்கள் பல. நாஜி ஐரோப்பாவில் யூதர்களைக் காத்த நானூறுக்கும் மேற்பட்டோரைச் சாமுவேல் ஒலினரும் பெர்ல் ஒலினரும் நேர்காணல் செய்து 1988இல் வெளியிட்டார்கள். ஒலினரே பன்னிரண்டு வயதில் குடும்பத்தை இழந்து, ஒரு போலந்துக் குடியானவப் பெண்ணின் உதவியால் பிழைத்தவர். காத்தவர்களின் பெற்றோர், மற்றவர்களின் பெற்றோரைவிடக் குறைவாக அடித்தவர்கள், காரணம் சொல்லித் திருத்தியவர்கள். இன்னொரு விவரமும் அந்தத் தரவில் இருந்தது. காத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் முதலில் தாமாக முன்வரவில்லை. ஒருவர் வந்து உதவி கேட்டார், அதன்பிறகு செய்தார்கள். அதே தரவை 2000இல் ஃபெடரிகோ வரேசேயும் மெயர் யாயிஷும் மறுபடி எடுத்துப் பார்த்தபோது தெரிந்தது, நேரடியாகக் கேட்கப்பட்டவர்களில் மறுத்தவர்கள் மிகச் சிலர்.